சொந்த இணையதளம் தொடங்கி சுதந்திரமாகப் பதிப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எழுதுவதையெல்லாம் யாரோ ஒருவருடைய தளத்தில் கணக்குத் திறந்து போட்டுவிட்டு, அது எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி இருந்ததே இல்லை. எத்தனையோ பேர் பார்த்துப் பார்த்துப் பக்கங்கள் செய்து வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது, யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். மைஸ்பேஸில் ஆரம்ப ஆண்டுகளில் ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றியபோது அழிந்துபோயின என்று அந்த நிறுவனமே 2019-இல் ஒத்துக்கொண்டது. மூடுவதற்கு முன்னால் அறிவிப்பு வரும், தரவிறக்கிக்கொள்ளச் சொல்வார்கள், சரிதான். ஆனால் உங்கள் கட்டுரைக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த சுட்டிகள் எல்லாம் அன்றோடு செத்துவிடும், அதை யாராலும் தரவிறக்க முடியாது.

இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப்போவது இரண்டே விஷயங்களைத்தான். தளத்தின் முகவரி (டொமைன்) உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எழுத்தின் மூலக்கோப்பு உங்கள் கணினியில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் கையில் இருந்தால் மென்பொருள், சர்வர் (தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினி), தீம் (தளத்தின் தோற்ற வார்ப்பு) எதை வேண்டுமானாலும் நாளைக்கே மாற்றலாம். படிப்பவருக்கு மாறியதே தெரியாது.

படி 1: எதற்காக என்று தீர்மானியுங்கள், சீக்கிரமாக

கட்டுரைகளா, கதைகளா, தொடரா, மின்னூல்களா, எல்லாம் கலந்தா? இதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். பாதிப் பேர் பெயரும் வடிவமைப்பும் யோசித்தே ஓய்ந்துபோகிறார்கள். மூன்று எழுத்துகள் தயாராக இருந்தால் போதும், தளத்தைத் தொடங்கிவிடலாம்.

படி 2: டொமைன் வாங்குவது

இங்கே மட்டும் நிதானமாக இருங்கள், ஏனென்றால் பின்னால் மாற்றக் கஷ்டமான ஒரே முடிவு இது. உங்கள் பெயரோ புனைபெயரோ சிறந்தது. இன்றைக்கு எழுதும் பொருளை வைத்துப் பெயர் வைத்தால், ஐந்து வருஷம் கழித்து வேறு எதையாவது எழுதும்போது அந்தப் பெயர் இடிக்கும். போனில் ஒருவரிடம் ஒரே தடவை சொன்னால் அவர் தப்பில்லாமல் தட்டச்சு செய்கிறாரா என்று சோதித்துப் பாருங்கள். நடுவில் கோடு, எண், இரண்டு விதமாக எழுதக்கூடிய உச்சரிப்பு (ழகரத்தை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவு வைத்திருக்கிறார்கள்), இவற்றைத் தவிர்த்தால் நல்லது.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்க முடியும். ஆனால் உள்ளுக்குள் அது எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாகத்தான் பதிவாகிறது, பல செயலிகளில் அந்தக் கோவைதான் அப்படியே தெரியவும் செய்யும். ஆசையாக இருந்தால் இரண்டாவதாக ஒன்று வாங்கி, முதன்மை முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

பின்னொட்டு விஷயத்தில் நான் பழமைவாதி: டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போதும். நாட்டுப் பின்னொட்டுகள் அந்தந்த இடத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், டாட் இயு வைத்திருந்த பிரிட்டன்வாசிகள் பலருடைய முகவரிகள் 2021 ஜனவரி 1 அன்று நிறுத்தப்பட்டன. அவர்கள் பணம் கட்டாமல் இருந்து நடந்த விஷயம் இல்லை அது.

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும், தளம் செய்து கொடுக்கும் நண்பர் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ வேண்டாம். நட்பு முறிந்தாலோ நிறுவனம் மூடினாலோ முகவரியும் கூடவே போய்விடும். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியே தெரியாமல் மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். தானியங்கிப் புதுப்பித்தலையும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அப்போதே இயக்குங்கள். முதல் ஆண்டு விலையை மட்டும் பார்த்து மயங்காமல் இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்று படியுங்கள். டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை பதிந்துகொள்ளலாம்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. பதிவாளரிடம், அதாவது டொமைன் விற்கும் நிறுவனத்தில், உள்ள கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலாக இருக்கக்கூடாது. காலாவதி நெருங்கும்போது எச்சரிக்கைகள் மின்னஞ்சலில்தான் வரும். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலே வேலை செய்யாது, அப்புறம் எச்சரிக்கை எங்கே வந்து சேரும்? பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போகவும் முடியாது. இதற்கென்று வேறொரு நிலையான மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எழுத்தைக் கோப்பாக வையுங்கள்

தளம் தொடங்கும் முன்பே கணினியில் ஒரு ஃபோல்டர் திறந்து, ஒரு கட்டுரைக்கு ஒரு கோப்பு என்று சேமித்து வாருங்கள். என் பரிந்துரை மார்க்டவுன். ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட மிக எளிய முறை இது: தலைப்புக்கு வரியின் தொடக்கத்தில் ஒரு கட்டக் குறி (#), அழுத்தமாகக் காட்ட இரு பக்கமும் இரண்டு உடுக்குறி (**), அவ்வளவுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் எந்தக் கணினியிலும் எந்த நிரலிலும் திறக்கும், இருபது வருஷம் கழித்தும் திறக்கும்.

பழைய எழுத்துகள் பாமினி, டிஸ்கி, டாப் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் இருந்தால் இப்போதே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசித்துத்தான் ஆக வேண்டும். கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்பது வழக்கம். ஒரு காலத்துத் தமிழ்த் தளங்கள் பல இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிவதற்குக் காரணம், அவை குறிப்பிட்ட எழுத்துருவை நம்பி எழுதப்பட்டவை, அந்த எழுத்துரு இன்று யாரிடமும் இல்லை.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் பயன்படுத்துங்கள். "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியைக் கணினி ஒரே துண்டாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒரு கணினியில் சரியாகத் திறக்கும் படம் சர்வருக்குப் போனதும் காணவில்லை என்று வந்தால் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

படி 4: எந்த மென்பொருள்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, எச்டிஎம்எல் (வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழி) பக்கங்களைக் கையாலேயே எழுதுவது. பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு இது தாராளமாகப் போதும், ஒரு வாரக் கடைசியில் கற்றுக்கொள்ளலாம். பக்கத்தின் தொடக்கத்தில் மூன்று விஷயங்கள் மறக்கக்கூடாது: எழுத்துமுறை யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்ற அறிவிப்பு, மொழி தமிழ் என்று சொல்லும் டிஏ குறியீடு, போன் திரைக்கு ஏற்ப அகலத்தை அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் வரி. மொழிக் குறியீட்டை வைத்துத்தான் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் கருவிகள் தமிழ்க் குரலுக்கு மாறுகின்றன. பார்வையற்ற வாசகருக்கு அது இல்லாவிட்டால் உங்கள் கட்டுரை இல்லாதது மாதிரிதான்.

இரண்டாவது, ஸ்டாட்டிக் (பக்கங்களை முன்கூட்டியே முழுதாகச் செய்துவைக்கும்) தள உருவாக்கிகள்: ஹ்யூகோ, ஜெகில், லெவன்டி போன்றவை. மார்க்டவுன் கோப்புகளைக் கொடுத்தால் முகப்பு, பட்டியல், குறிச்சொல் பக்கங்கள், ஆர்எஸ்எஸ் (புதிய பதிவுகளை வாசகரின் செயலிக்குத் தரும் ஓடை) எல்லாவற்றையும் சேர்த்து முழுத் தளமாக ஆக்கித் தரும். டேட்டாபேஸ் (தரவுத்தளம்) கிடையாது, சர்வரில் ஓடும் நிரல் கிடையாது, அதனால் உடைத்து உள்ளே நுழைய வழியும் குறைவு. கமாண்ட் லைன் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) பார்த்துப் பயப்படாதவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான், காரணம் மேலே சொன்ன மூலக்கோப்பு விதி இதில் தானாகவே நிறைவேறிவிடுகிறது.

ஹ்யூகோ பயன்படுத்தத் தொடங்குபவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. கட்டுரையைப் போட்டாயிற்று, பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் தளத்தில் வரவில்லை. முதலில் கோப்பின் மேல்பகுதியில் டிராஃப்ட் (வரைவு) என்பதற்கு எதிரே ட்ரூ (உண்மை) என்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் தேதியைப் பாருங்கள்: எதிர்காலத் தேதியிட்ட கட்டுரைகளை ஹ்யூகோ சத்தமில்லாமல் விட்டுவிடும். நேர மண்டலம் குறிப்பிடாமல் வெறும் நேரத்தை எழுதினால் அதை உலகப் பொது நேரமான யுடிசியாக எடுத்துக்கொள்ளும், உங்கள் ஊர் நேரம் யுடிசிக்கு முன்னால் ஓடுகிறதென்றால் இப்போது எழுதிய கட்டுரை இன்னும் சில மணி நேரம் "எதிர்காலத்தில்" இருக்கும். அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தை ஒருமுறை போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவது வேர்ட்பிரஸ். 2003-இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளில்தான் இன்றைய இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இயங்குகின்றன. போனிலிருந்தே எழுத வேண்டும், கோப்பு, ஃபோல்டர் என்றாலே அலுப்பு என்பவர்களுக்கு இதுவே சரி. விலையாக நீங்கள் கொடுப்பது பராமரிப்பு: மென்பொருளையும் தீம்களையும் பிளக்-இன்களையும் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும், தேவையற்ற பிளக்-இன்களை நீக்க வேண்டும். பழைய பிளக்-இன் ஓட்டை வழியாகத்தான் பெரும்பாலான தளங்களுக்குள் ஆள் நுழைகிறார்கள். இதைத் தேர்ந்தெடுத்தாலும் படி 3-ஐ விடாதீர்கள், கட்டுரையை முதலில் கோப்பில் எழுதி அப்புறம் ஒட்டுங்கள்.

படி 5: ஹோஸ்டிங், டொமைனோடு இணைப்பது

ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைக்க இடம் எடுப்பது. ஸ்டாட்டிக் தளமென்றால் கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை மூன்றிலும் இலவசமாகவே உங்கள் சொந்த டொமைனோடு வைக்கலாம். கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், எழுத்துக்கு அது ஏராளம். வேர்ட்பிரஸுக்கு அது எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியும் டேட்டாபேஸும் உள்ள ஹோஸ்டிங் வாங்க வேண்டும். டொமைன் வாங்கிய இடத்திலேயே ஹோஸ்டிங்கும் வாங்காமல் தனித்தனியாக வைப்பது என் கட்சி. ஒருவரோடு தகராறு வந்தால் இன்னொன்றாவது தப்பிக்கும்.

இணைப்பது டிஎன்எஸ் அமைப்பில், அதாவது டொமைன் எந்தச் சர்வரைச் சுட்டுகிறது என்ற பதிவேட்டில், நடக்கிறது. ஏ பதிவு என்பது டொமைனை ஓர் ஐபி எண்ணோடு சேர்க்கும், சிநேம் பதிவு இன்னொரு பெயரோடு சேர்க்கும். ஹோஸ்டிங் நிறுவனம் கொடுக்கும் மதிப்புகளை அப்படியே போட்டால் போதும். மாற்றம் எல்லா இடங்களுக்கும் பரவச் சில நிமிஷம் முதல் ஓரிரு நாள் வரை ஆகும், அதற்குள் பதறி மறுபடி மறுபடி மாற்றாதீர்கள். முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்று ஒன்றை முடிவு செய்து, மற்றதை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

எச்டிடிபிஎஸ் (வாசகருக்கும் தளத்துக்கும் இடையில் போவதை மறையாக்கும் முறை, இதற்கு ஒரு சான்றிதழ் தேவை) கட்டாயம். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் யோசியுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் சான்றிதழ்களை இலவசமாகத் தருகிறது, மேலே சொன்ன சேவைகள் எல்லாம் சான்றிதழைத் தாமாகவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்கின்றன.

படி 6: கட்டுரைகளின் நிரந்தர முகவரி

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, பக்கங்களின் முகவரி மாறவே கூடாது என்று 1998-லேயே வாதாடி எழுதினார். தனித்தளம் வைப்பவர் முதல் நாளே செய்ய வேண்டியது அதற்கான ஏற்பாடு. முகவரியில் மென்பொருளின் பெயரோ, கோப்பின் பின்னொட்டோ, பிரிவின் பெயரோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இவையெல்லாம் மாறும். டொமைன், சாய்கோடு, இரண்டு மூன்று சொற்களில் கட்டுரையின் சிறுபெயர், அவ்வளவு போதும்.

அந்தச் சிறுபெயர் தமிழில் இருக்கலாமா? பிரவுசரில் அழகாகத்தான் தெரியும். ஆனால் நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். "தமிழ்" என்பது கணினிக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக ஒரே ஒரு சொல் 45 எழுத்தாகிவிடும். வேர்ட்பிரஸில் இன்னொரு சிக்கலும் உண்டு, சிறுபெயருக்கு அது ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள்தான், ஆகவே தமிழ்த் தலைப்பு 22 குறிகளைத் தாண்டினால் சொல்லின் நடுவிலேயே வெட்டுப்படும். தலைப்பு தமிழில் முழுதாக இருக்கட்டும், சிறுபெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுத்துவிடுங்கள்.

என்றைக்காவது முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்புதலைப் போடுங்கள்.

படி 7: தமிழ் வாசிக்க இதமாக இருக்க வேண்டும்

தீம்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை நினைத்துச் செய்யப்பட்டவை, அப்படியே தமிழைப் போட்டால் வரிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மேல் விலங்கும் கீழ்ச் சுழிகளும் உள்ள எழுத்து நம்முடையது, அதற்கு இடம் வேண்டும். வரி உயரத்தை 1.7 அளவுக்கு வையுங்கள், எழுத்தளவை 18 பிக்சலுக்குக் குறைக்காதீர்கள். எழுத்து இடைவெளி என்று தீமில் ஏதாவது இருந்தால் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் சொற்கள் பிய்ந்து தெரியும். இரு பக்கமும் சமமாக நிரப்பும் அமைப்பு வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், நடுவில் ஓட்டை விழும். இடப்பக்கம் சேர்த்து விட்டுவிடுங்கள். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. கோப்பை வாஃப்2 என்ற சுருக்கப்பட்ட வலை எழுத்துரு வடிவில் உங்கள் சர்வரிலேயே வையுங்கள், தடிமன் இரண்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். மெதுவான இணைப்பில் படிப்பவர் எழுத்துரு இறங்கும்வரை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஃபாண்ட் டிஸ்ப்ளே என்ற அமைப்பை ஸ்வாப் என்று வைத்தால் கணினியில் இருக்கும் எழுத்துருவில் உடனே காட்டிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளும்.

முகப்பில் கட்டுரைச் சுருக்கத்தைத் தீம் தானாக வெட்டிப் போடுவதையும் நம்பாதீர்கள். குறிகளை எண்ணி வெட்டும்போது புள்ளியோ உயிர்க்குறியோ அறுந்துபோய் "நான்" என்பது "நான" என்று நிற்கும். சுருக்கத்தை இரண்டு வரியில் நீங்களே எழுதுங்கள், அதே வரிகள் தேடுபொறிக்கும் பகிரும்போது வரும் முன்னோட்டத்துக்கும் பயன்படும்.

படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற சிறிய அளவுப் பட வடிவில் சேமியுங்கள், ஒவ்வொன்றுக்கும் மாற்று விளக்கம் எழுதுங்கள். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலை பதிந்திருக்கலாம். ஏற்றும் முன் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள், வீட்டில் எடுத்த படமென்றால் கட்டாயம்.

படி 8: இருந்தே ஆக வேண்டியவை

அறிமுகப் பக்கம், தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல், எல்லாக் கட்டுரைகளும் ஒரே பட்டியலாக ஒரு பக்கம், காணாமற்போன பக்கத்துக்கு வருபவரை அந்தப் பட்டியலுக்கு அனுப்பும் 404 பக்கம், பக்கங்களின் பட்டியலைத் தேடுபொறிக்குத் தரும் தளவரைபடக் கோப்பு. பாப்-அப், பக்கவாட்டுப் பட்டைகள், கண்காணிப்பு நிரல்கள் எதுவும் வேண்டாம்.

ஆர்எஸ்எஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்எஸ்எஸ் வாசிக்கும் சேவையான கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டதோடு அது முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பாட்காஸ்ட் உலகம் இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது. இடையில் எந்த நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல் உங்கள் புதிய எழுத்து வாசகரைத் தேடிச் செல்லும் வழி இது. முழுக் கட்டுரையையும் ஓடையில் கொடுங்கள், பாதியில் நிறுத்தி "மேலும் படிக்க" போடாதீர்கள். படித்தால் போதும், எங்கே படித்தால் என்ன.

படி 9: ஆட்களிடம் கொண்டுபோவது

சமூக ஊடகங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்: முதலில் உங்கள் தளத்தில், அப்புறம் மற்ற இடங்களில். சொந்தத் தளங்களை வலியுறுத்தும் இண்டிவெப் குழுவினர் இதற்குப் போஸி (சொந்தத் தளத்தில் பதிப்பித்து, மற்ற இடங்களில் பகிர்வது) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு தளத்தில் முழுக் கட்டுரையையும் மறுபிரசுரம் செய்தால், மூலம் உங்கள் பக்கம்தான் என்று தேடுபொறிக்குச் சொல்லும் கனானிகல் சுட்டியை வைக்க முடியுமா என்று பாருங்கள். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தையும் தளவரைபடத்தையும் ஒருமுறை பதிந்துவிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்ப ஆரம்பித்தால் சந்தாதாரர் பட்டியலை அவ்வப்போது தரவிறக்கி வையுங்கள், அது தரவிறக்க முடியாத சேவையில் சேரவே சேராதீர்கள். இதற்கெல்லாம் மேலாக, உங்களுக்குப் பிடித்த மற்ற தனித்தளங்களுக்குச் சுட்டி கொடுங்கள்.

படி 10: மின்னூலும் உரிமையும்

கட்டுரைகள் சேர்ந்ததும் அதே மார்க்டவுன் கோப்புகளிலிருந்து பாண்டாக் என்ற இலவசக் கருவியால் இபப் மின்னூல் செய்துவிடலாம், திருத்தங்களுக்கு சிஜிலும் வடிவ மாற்றத்துக்குக் காலிபரும் இருக்கின்றன. தமிழ் எழுத்துருவை மின்னூலுக்குள்ளேயே பொதிந்துவிடுங்கள். வெளியிடும் முன் குறைந்தது இரண்டு வெவ்வேறு கருவிகளிலாவது திறந்து கொம்புகள் சரியாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

பதிப்புரிமை எழுதியவருக்குத் தானாகவே உண்டு. மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதை மட்டும் தெளிவாக எழுதி வையுங்கள். பகிரட்டும் என்று நினைத்தால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்று பொருந்தும். ஆனால் ஒருமுறை அப்படிக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, அதனால் நாவல் மாதிரியான பெரிய வேலைகளுக்கு யோசித்துக் கொடுங்கள்.

படி 11: பேக்கப்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. வேர்ட்பிரஸ் என்றால் டேட்டாபேஸ், ஏற்றிய படங்களின் ஃபோல்டர் இரண்டும் வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் பாதிதான் மிஞ்சும். எடுத்த பேக்கப்பை வருஷத்துக்கு ஒருமுறை வேறொரு இடத்தில் மீட்டுப் பாருங்கள், திறக்காத பேக்கப்பால் பயனில்லை. ஒவ்வொரு கட்டுரையையும் வெளியிட்டவுடன் வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை.

கடைசியாக, நீங்கள் இல்லாத காலத்துக்கும் ஓர் ஏற்பாடு. டொமைன் எங்கே பதிவாகியிருக்கிறது, எந்த மின்னஞ்சலில், எப்போது காலாவதி, மூலக்கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று ஒரே தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள், பாஸ்வேர்டுகள் இருக்கும் இடத்துக்கான வழியையும் சேர்த்து. டொமைன் காலாவதியானபின் பொதுப் பின்னொட்டுகளில் மீட்டுக்கொள்ளச் சில வாரங்கள்தான் அவகாசம் கிடைக்கும், அதுவும் கூடுதல் கட்டணத்தோடு. அந்தத் தாளை வைத்திருப்பவர் தேதியையும் தன் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளட்டும்.